கையை விரி

டீச்சருக்கு இரண்டு வாதம் உண்டு. ஒன்று முடக்குவாதம். ஒன்பது வருடங்களுக்கு முன் விரல் கணுக்களில் வந்து உட்கார்ந்தது, பிறகு மணிக்கட்டு, முழங்கால் என்று குடும்பத்தோடு குடியேறிவிட்டது. இன்னொன்று பிடிவாதம். அது பிறவியிலேயே வந்தது. முதலாவதற்கு வாரம் ஒருநாள் மாத்திரையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. இரண்டாவதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை என்பது அவருடைய ஒரே மகளின் நெடுநாள் புகார்.

முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். பரீட்சை நேரத்தில் அவர் ஹாலுக்குள் நுழைந்தால் இருமல் வந்த பிள்ளைகூட அதை விழுங்கிவிடும். எந்த மூலையில் எவன் பிட்டை எடுத்தாலும் டீச்சருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘கழுகு’. பின்னால் வந்து நிற்பதே தெரியாது. “எந்திரி. கையை விரி.” அவ்வளவுதான் பேச்சு. விரித்த கையில், வியர்வையில் நனைந்த துண்டுக் காகிதம் கிடக்கும். இப்படிக் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் அந்தப் பக்கத்தில் எக்கச்சக்கம். அவர்களில் ஒருவன்தான் இன்று அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் டெய்லர். அவனுக்கே இப்போது ஐம்பத்து நாலு வயது. முன்பக்கம் வழுக்கை. ஆனாலும் டீச்சர் படியிறங்கும் சத்தம் கேட்டால் பீடியை அணைத்துவிடுவான்.

டீச்சர் இருப்பது இரண்டாவது மாடியில். இருபத்தாறு படிகள். அவர் கணவர் இருந்தவரை அந்த வீட்டில் இரண்டு பேர், பன்னிரண்டு வருடமாக ஒருவர். எழுபத்தொரு வயதில் தனியாக இருக்கிறீர்களே என்று யாராவது பரிதாபப்பட்டால், “நான் தனியா இல்ல, என் வீட்டுல இருக்கேன்” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

இப்படியே போயிருக்கும். போன மாதம் அந்தக் குளியலறைத் தாழ்ப்பாள் வந்து காரியத்தைக் கெடுத்தது.

குளித்து முடித்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திருகினார். அது வழவழப்பான சின்ன உருண்டைப் பிடி. ஈரக்கையில் நழுவியது. துடைத்துவிட்டுத் திருகினார். விரல்கள் மடங்க மறுத்தன. ஒரு மணி நேரம் கெஞ்சிப் பார்த்தார், இன்னொரு மணி நேரம் திட்டிப் பார்த்தார். தாழ்ப்பாள் மசியவில்லை. கடைசியில் குவளையால் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். கீழே தையல் மிஷின் ஓய்ந்த ஒரு நிமிடத்தில் அந்தச் சத்தம் டெய்லர் காதில் விழுந்தது. அவன் பூட்டுக்காரரை அழைத்து வந்து, வாசல் கதவைத் திறந்து, குளியலறைக் கதவை உடைத்து முடித்தபோது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. டீச்சர் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல, “மெதுவா, சுவத்துல கீறல் விழப்போகுது” என்றார்.

செய்தி மகளுக்குப் போனது. மகள் விமான நிலையத்தில் வேலை பார்ப்பவள். பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு அனுப்பும் இடத்தில் நாளெல்லாம் நிற்பாள். சீருடையைக்கூட மாற்றாமல் இரண்டு மணி நேரப் பயணத்தில் வந்து நின்றாள்.

“யாருமே இல்லாத வீட்டுல எதுக்கும்மா பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்ட?”

“கதவுன்னு ஒண்ணு இருந்தா தாழ்ப்பாள் போடறதுதான் முறை.”

“யாரு வந்து எட்டிப் பார்க்கப்போறாங்க?”

“அதுக்காகத் திறந்து போட்டுட்டுக் குளிக்கச் சொல்றியா?”

மகள் சிரிக்கவில்லை. உடைந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதால் டீச்சருக்குத் தாங்காது. வாதம் செய்ய வார்த்தை வராமல் போகும் ஒரே இடம் அதுதான்.

“என்கூட வந்துடும்மா. ரூம் ரெடியா இருக்கு. லிஃப்ட் இருக்கு.”

ரூம் ரெடியாக இருப்பது டீச்சருக்கும் தெரியும். போன வருடம் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். நல்ல வெளிச்சமான அறை. மகள் ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், தேநீரை ஆற்றிக் கொடுத்தாள். ‘நீ உட்காரும்மா’ என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொன்னாள். ஏழாவது நாள் டீச்சரின் விரல்கள் முன்னைவிட இறுகிப்போயிருந்தன. அங்கே போனால் வேளாவேளைக்கு எல்லாம் கைக்கு வரும், ஆனால் தன் கைதான் தனக்கு இல்லாமல் போகும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை அவர் மகளிடம் சொன்னதில்லை. பாசத்தோடு செய்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவாள். டீச்சர் அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறார் என்று கூடவே இருந்து பார்த்து எழுதித் தருவாள்.

“அந்தப் பொண்ணு முடியும்னா நீ இங்கயே இரு. முடியாதுன்னா மறுபேச்சு பேசாம பெட்டி கட்டணும்.”

“சரி.”

“இன்னொண்ணு. வீட்டுச் சாவி ஒண்ணைக் கீழ டெய்லர் அண்ணன்கிட்ட குடுத்து வை.”

“என் வீட்டுச் சாவி எதுக்கு அடுத்தவன் கையில? அதுவும் பிட் அடிச்சவன் கையில!”

“அம்மா, அது முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி!”

“பிட்டு பிட்டுதான்” என்றார் டீச்சர்.

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தை உடைத்துவிட வேண்டும். டீச்சர் தனியாகச் சமாளித்தார் என்றால் சும்மா சமாளிக்கவில்லை. அந்த வீடு முழுக்கத் தந்திரமயம். உருண்டைப் பிடி வைத்த சமையலறைக் குழாயில் ஒரு மரக்கரண்டியைக் குறுக்காக வைத்துக் கட்டியிருந்தார். கரண்டிக் காம்பை முழங்கையால் தள்ளினால் தண்ணீர் வரும். இழுப்பறைகளிலும் குளிர்பெட்டிக் கதவிலும் பழைய திரைச்சீலைத் துணியில் தைத்த வளையங்கள் தொங்கின. அவற்றுக்குள் முன்கையை விட்டு இழுத்தால் போதும், விரலுக்கு வேலையில்லை. வாசல் சாவி ஒரு அரையடி மர ஸ்கேலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஸ்கேலைப் பிடித்துத் தள்ளினால் பூட்டு சொன்ன பேச்சு கேட்கும். கெட்டிலை அவர் தூக்குவதே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும், சின்னக் கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றுவார். பாத்திரத்தைக் குழாயிலிருந்து அடுப்புவரை மேடைமேல் தள்ளிக்கொண்டே போவார். டப்பா மூடிக்கு ரப்பர் கையுறை. நாற்காலியின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்திருந்தார், முழங்கால் அதிகம் மடங்காமல் எழுந்திருக்க. சட்டையில் மேலுக்குத் தெரிவது பொத்தான், அடியில் இருப்பது அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை. காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை ஊறவைப்பார். ஒன்பது மணிவரை எந்த வேலையையும் தொடமாட்டார். அதுவரை விரல்கள் தூக்கத்தில்தான் இருக்கும்.

துணி வேலை எல்லாம் டெய்லர் தைத்துக் கொடுத்தது. ஆகவே ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். மகளுக்குத் தெரியாது. மகள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் எல்லாவற்றையும் கழற்றித் துணிப்பையில் போட்டு மறைத்துவிடுவார். கயிறும் கரண்டியுமாக வீடு கிடப்பதைப் பார்த்தால் அவள் மனசு உடைந்துவிடுமே என்று நினைத்தார். அதனால் நடந்தது என்ன? குழாயோடும் டப்பாவோடும் அம்மா மல்லுக்கட்டுவதை மட்டுமே மகள் வாராவாரம் பார்த்தாள். கணக்கு டீச்சர் போட்ட கணக்குகளிலேயே பெரிய தப்புக்கணக்கு அதுதான்.

தெரபிஸ்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, தைத்த சட்டையை வாங்க டீச்சர் கடைக்கு இறங்கினார். டெய்லர் பெரிய வட்டமாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டும் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பழுப்பேறிய அட்டை. அதில் என்னவோ எண்கள். டீச்சர் அதைப் பலமுறை பார்த்திருக்கிறார், படித்ததில்லை.

“ஆஸ்பத்திரிலேர்ந்து பரீட்சை வைக்க வராங்களாமே டீச்சர்?” என்றான் டெய்லர்.

“யாரு சொன்னா?”

“தங்கச்சி போன்ல சொல்லுச்சு. பயமா இருக்கா?”

“எனக்கென்ன பயம்? நான் பார்க்காத பரீட்சையா?”

டெய்லருக்குக் குஷி பிறந்துவிட்டது. “உங்களுக்கு என்ன டீச்சர் கவலை, வீடு பூரா பிட்டா இல்ல தொங்குது! நான் ஒரே ஒரு பிட்டு வச்சேன், அதுக்கே பிடிச்சுட்டீங்க” என்று சொல்லி, மேசையைத் தட்டிச் சிரித்தான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். டீச்சருக்கு அது சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு படியும் ஏறி முடிப்பதற்குள் அந்த ஒரு வார்த்தை மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். குழாயில் கரண்டி, இழுப்பறையில் துணி, சாவியில் ஸ்கேல். அவன் சொன்னது சரிதானே? எல்லாம் பிட்டுதான். பரீட்சை ஹாலில் பிட்டோடு உட்காரப்போவது யார்? கழுகு!

அன்றிலிருந்து டீச்சர் பயிற்சியில் இறங்கினார். கரண்டியைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் குழாயைத் திருகினார். காலையில் பத்து, மாலையில் பத்து. மூன்றாம் நாள் வலது மணிக்கட்டு வீங்கியது. நாலாம் நாள் கட்டைவிரல் சூடாக இருந்தது. பரவாயில்லை, படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி வருவதில்லையா என்று தன்னையே தேற்றிக்கொண்டார். பரீட்சைக்கு முதல்நாள் மாலை, வீட்டிலிருந்த தந்திரங்கள் அத்தனையையும் அவிழ்த்துத் துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீர் பிட்டில் சேருமா சேராதா என்று மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். பரீட்சைக்கு முன் முகம் கழுவிக்கொள்வதில் தப்பில்லை என்று அதற்கு அனுமதி கொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே மகள் வந்துவிட்டாள். பத்து மணிக்குத் தெரபிஸ்ட் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் பெரிய பை, காதில் பென்சில். பேசும்போது அவசரமே இல்லாதவள்.

“எல்லாரும் உங்களை டீச்சர்னு கூப்பிடறாங்க. நானும் அப்படியே கூப்பிடலாமா?”

“கூப்பிடு.”

“எந்திரிச்சு நில்லுங்க டீச்சர்.” உயரம் குறைந்துபோயிருந்த நாற்காலியின் கைப்பிடிகளை முன்கையால் அழுத்தி, இரண்டு முறை முயன்று எழுந்தார். “ம். இப்போ கையை விரிங்க.”

டீச்சருக்குச் சிலிர்த்துவிட்டது. ஆயிரம் முறையாவது அவர் சொன்ன வார்த்தை. ஒருமுறைகூட அவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. கைகளை நீட்டினார். விரல்கள் முழுதாக விரியவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பாதியில் நின்றன. தெரபிஸ்ட் வீங்கிய மணிக்கட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதையோ குறித்துக்கொண்டாள்.

“சரி, எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்களேன்.”

டீச்சர் சமையலறைக்குப் போனார். வாசலில் மகளும் தெரபிஸ்டும் நின்றார்கள். குழாயைப் பிடித்தார். திருகினார். கால் சுற்று நகர்ந்தது. அதற்கே மணிக்கட்டிலிருந்து தோள்வரை மின்னலாக வலி ஓடியது. ஒழுகிய தண்ணீரைக் கெட்டிலில் பிடித்து இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கியது தூக்கிய இடத்திலேயே நழுவி, தொட்டிக்குள் தடாலென்று விழுந்தது. மகள் பாய்ந்து வந்தாள். தெரபிஸ்ட் அவள் தோளில் கைவைத்து நிறுத்தினாள்.

பிறகு மாத்திரை டப்பா. மூடி அசையவில்லை. இழுப்பறை பாதியோடு நின்றது. ஸ்கேல் இல்லாத மாற்றுச் சாவி பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பென்சில் சத்தம் கேட்டது. பென்சில் சத்தத்தை வைத்தே போட்டது சரிக்குறியா பெருக்கல்குறியா என்று சொல்லக்கூடியவர் டீச்சர். கேட்டதெல்லாம் பெருக்கல்குறிதான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பரீட்சையில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. இந்த ஜன்னல், இந்த மேடை, கணவர் ஆணி அடித்து மாட்டிய அந்தக் கோணல் அலமாரி, எல்லாமே கையைவிட்டுப் போகிறது. மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தெரபிஸ்ட் காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“தினமும் இப்படித்தானா டீச்சர்?”

“தினமும் இப்படித்தான்.”

“இன்னிக்குக் காலையில டீ குடிச்சீங்களா?”

“அது... இன்னிக்கு இல்ல.”

“நேத்து?”

“நேத்து குடிச்சேன்.”

“யாரு போட்டுக் குடுத்தா?”

“இங்க வேற யாரு இருக்கா? நான்தான்.”

“எப்படி?”

டீச்சரின் கண் சமையலறைப் பக்கம் ஓடியது. தெரபிஸ்ட் எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயைக் குனிந்து பார்த்தாள். “இந்த இடத்துல மட்டும் பளபளன்னு இருக்கே. எதையோ கட்டி வச்சிருந்த தடம்.” இழுப்பறைப் பிடியைத் தடவினாள். “இங்கயும்.” மேடைமேல் விரலை ஓட்டினாள். “குழாய்லேர்ந்து அடுப்புவரைக்கும் ஒரே கோடு. பாத்திரத்தைத் தள்ளித் தள்ளிப் போட்ட கோடு.” கடைசியில் அறைக்குத் திரும்பி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தாள். அங்கே நாலு சதுரம் மட்டும் அழுக்குப் படாமல் வெளுப்பாக இருந்தன. “இந்த நாற்காலி நேத்துவரைக்கும் இன்னும் உசரமா இருந்துச்சு. சரியா?”

இவளுக்கும் மூக்கில் வேர்க்கும் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. பிடிபட்ட பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே செய்தார். எழுந்து நின்றார்.

“கட்டிலுக்கு அடியில ஒரு பை இருக்கு. எல்லாம் அதுலதான் இருக்கு.”

மகள் போய்ப் பையை இழுத்து வந்து தரையில் கொட்டினாள். மரக்கரண்டி, துணி வளையங்கள், ஸ்கேல் கட்டிய சாவி, ரப்பர் கையுறை, நாலு மரக்கட்டை. மூன்று பேரும் அந்தக் குவியலைப் பார்த்தார்கள்.

“எல்லாம் பிட்டு” என்றார் டீச்சர். “முப்பத்தைஞ்சு வருஷம் பிட்டு பிடிச்சவ நான். பரீட்சையில இதையெல்லாம் வச்சுக்கிட்டு எப்படி உட்காருவேன்?”

தெரபிஸ்ட் சிரித்துவிட்டாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, காகிதத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

“இதைப் பாருங்க. ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு கட்டம் இருக்கு. வெறுங்கையில முடியுதான்னு ஒண்ணு. சாதனத்தோட முடியுதான்னு ஒண்ணு. ரெண்டாவதுல முடிஞ்சா, தனியா முடியுதுன்னுதான் அர்த்தம். முழு மார்க்.”

“அதெப்படி? படிச்சு எழுதினவனுக்கும் பார்த்து எழுதினவனுக்கும் ஒரே மார்க்கா?”

தோற்கப்போகிற பரீட்சையில் தனக்கே மார்க் போடக்கூடாதென்று வாதாடுகிற ஆளை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“டீச்சர், நீங்க கண்ணாடி போட்டுத்தானே பேப்பர் திருத்தினீங்க?”

“ஆமா.”

“அது பிட்டா?”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். இது பிட்டா என்று யோசித்தார். இல்லை.

“நான் உங்க விரலைச் சோதிக்க வரலை” என்றாள் தெரபிஸ்ட். “இந்த வீட்டுல நீங்க டீ குடிக்கறீங்களா, மாத்திரை போடறீங்களா, வெளியில போய்ட்டுத் திரும்பி வரீங்களா, இதைப் பார்க்கத்தான் வந்தேன். வெறுங்கையில கஷ்டப்பட்டுத் திருகறதுதான் மூட்டுக்குக் கெடுதல். இந்த வீக்கம் அதனாலதான். எத்தனை நாளா திருகறீங்க?”

“ஒரு வாரம். காலையில பத்து, சாயங்காலம் பத்து.”

“நல்ல மாணவி” என்று பெருமூச்சு விட்டாள் தெரபிஸ்ட். “சரி, எனக்கு இன்னும் டீ வரலை.”

எல்லாம் பழைய இடத்துக்குப் போயின. டீச்சர் சொல்லச் சொல்ல மகள்தான் கட்டினாள். “அவ்வளவு இறுக்காதே, அப்புறம் கழட்ட வராது... கரண்டிக் காம்பு என் பக்கம் இருக்கணும்... ம், அப்படித்தான்.”

டீச்சர் முழங்கையால் தள்ளினார். தண்ணீர் வந்தது. கோப்பையால் மொண்டு மொண்டு கெட்டிலை நிரப்பினார். முன்கையை வளையத்துக்குள் விட்டு இழுப்பறையைத் திறந்தார். கையுறை போட்டு டப்பா மூடியைத் திறந்தார். நடுவில் உயர நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கெட்டிலைத் தூக்காமல், கரண்டியால் வெந்நீரை எடுத்து மூன்று கோப்பைகளிலும் ஊற்றினார். பத்தொன்பது நிமிடம் ஆனது. மூன்று தேநீர் மேடைமேல் வரிசையாக நின்றன. இந்த முறை பென்சில் சத்தம் வேறு மாதிரி கேட்டது.

மகள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

“இதை ஏம்மா என்கிட்ட காட்டல?”

“பார்த்தா உனக்குப் பாவமா இருக்கும்னு நினைச்சேன்.”

“எனக்கு இப்பதாம்மா கொஞ்சம் பயம் போச்சு” என்றாள் மகள். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னை விட்டுட்டுப் போறப்போ பஸ்ல அழுதுக்கிட்டே போவேன், தெரியுமா? இந்தக் கையை வச்சுக்கிட்டு வாரம் பூரா எப்படிச் சாப்பிடறியோன்னு.”

டீச்சருக்கு அது தெரியாது. பெற்ற பிள்ளையை இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அழவைத்தோமே என்று நெஞ்சு வலித்தது. மணிக்கட்டு வலியெல்லாம் அந்த வலிக்கு முன்னால் ஒன்றுமில்லை. மகளின் கன்னத்தைப் புறங்கையால் தடவிக்கொடுத்தார்.

தெரபிஸ்ட் ‘முடியும்’ என்று எழுதினாள். கூடவே நாலு நிபந்தனை. குளியலறையில் தாழ்ப்பாள் கூடாது, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். வீக்கம் இருக்கும் நாட்களில் கைக்கு ஓய்வு, மணிக்கட்டுக்குப் பட்டை. தினமும் காலை ஒன்பதரைக்கு மகளோடு ஒரு போன். கடைசியாக, கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒருவரிடம் இன்னொரு சாவி.

முதல் மூன்றுக்கும் டீச்சர் உடனே தலையாட்டினார். நாலாவதைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தார்.

பிற்பகலில் அவர் படியிறங்கினார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. மகள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடிவரவில்லை. அவளும் ஏதோ ஒரு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

டெய்லர் மிஷினில் குனிந்திருந்தான். டீச்சர் உள்ளே வந்தது தெரியவில்லை. அவர் கண் அந்தப் பழுப்பு அட்டைக்குப் போனது. இந்த முறை படித்தார். பெரிய பெரிய எழுத்தில், பேனாவால் பலமுறை அழுத்தி எழுதியது. ‘வட்டம் வெட்ட: இடுப்புச் சுற்றளவை 6.28ஆல் வகு. வந்தது ஆரம்.’ அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டி விரல்கள் பட்டுப் பட்டு வெள்ளையாகிக் கிடந்தது. எத்தனை ஆயிரம் துணி வெட்டியிருப்பான்!

முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பரீட்சை ஹால் அப்படியே கண்முன் வந்தது. விரித்த கையில் அதே சூத்திரம். ‘கணக்கு தெரியும் டீச்சர், சூத்திரம்தான் மறந்துடுது’ என்று அந்தப் பையன் சொன்னான். ‘அடுத்த வருஷம் ஞாபகம் வச்சுக்கோ’ என்று சொல்லி வெளியே அனுப்பினார். அவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று வரவில்லை. அவன் அப்பா அந்த வாரமே அவனைத் தையல் மிஷினில் உட்காரவைத்துவிட்டார். இவ்வளவு நாளும் டீச்சர் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட வருத்தப்பட்டதில்லை.

“எந்திரி” என்றார்.

தூக்கிவாரிப் போட, டெய்லர் எழுந்தான். மிஷின் பாதித் தையலில் நின்றது.

“கையை விரி.”

ஐம்பத்து நாலு வயசு மனுஷன், யோசிக்கவே இல்லை. வலது கை தானாக முன்னால் வந்து விரிந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். டீச்சர் அதில் ஒரு சாவியை வைத்தார். சாவியோடு ஒரு அரையடி ஸ்கேல் கட்டியிருந்தது.

“எனக்கு எதுக்கு டீச்சர் ஸ்கேலு? என் கை நல்லாத்தானே இருக்கு.”

“இருக்கட்டும். ஸ்கேலோட திறந்தாலும் திறந்ததுதான்” என்றார் டீச்சர். பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னிக்கு அந்தப் பிட்டைப் பிடுங்கிட்டு, உன்னைக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கணும்டா. நான் சொல்லல.”

டெய்லர் விரித்த கையை மடக்கவில்லை. அப்படியே நின்றான்.

“உட்காரு” என்றார் டீச்சர்.